பதினெட்டாம் வளைவுக்கு ஏற்ற விளக்கு

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை, கருவண்டு மலையின் பதினெட்டாம் கொண்டை ஊசி வளைவில் வந்து உட்கார்ந்த பனிமூட்டம், மற்ற மூட்டங்களைப் போல வெயில் ஏறியதும் எழுந்து போகாமல், மத்தியானமும் இருந்து, மறுநாளும் இருந்து, கார்த்திகை, மார்கழி, தை என்று இருந்து, சித்திரை வெயிலுக்கும் அசையாமல், ரோட்டில் சரியாக ஒன்றரை பர்லாங்கு நீளத்துக்குப் படுத்துக்கொண்டது. அதற்குள் நுழைந்த வண்டிகளில் பத்துக்கு ஒன்று மறுபக்கம் வெளியேறி மேல்நாவலுக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற ஒன்பதும் நுழைந்த பக்கமாகவே வெளியே வந்து, ஏறுகிறோம் என்ற நினைப்பிலேயே இறங்கி, அடிவாரத்தில் எங்கள் கீழ்நாவல் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று, "மேல்நாவல் வந்துருச்சா?" என்று கேட்டன.

முதல் வாரம் பயந்தோம், இரண்டாம் வாரம் அதைப் பற்றியே பேசினோம், மூன்றாம் வாரம் பழகிவிட்டோம். நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து நாடா பிடித்து அளந்து, 'முன்னால் மூட்டம், தாங்கள் திரும்பி வர நேரலாம்' என்று மஞ்சள் போர்டு நட்டுவிட்டுப் போனார்கள். கண்டக்டர்கள் மேல்நாவல் டிக்கெட்டின் பின்னால் 'போனால்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் 'மூட்டம் விட்டால்' என்று ஒரு வரி கூடியது. ஒரு மாப்பிள்ளை வேனோடும் சொந்தபந்தத்தோடும் நான்கு முறை ஏறி நான்கு முறையும் திரும்பி வந்து, ஐந்தாம் முறை முகூர்த்தம் தப்பிப்போக, கூட வந்த நாதஸ்வரக்காரரின் மகளையே எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவிலில் கட்டிக்கொண்டு, இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார். டீக்கடையில் திரும்பி வந்தவர்களுக்கென்றே ஒரு பெஞ்சு போட்டார்கள். தெருவில் பார்த்துக்கொண்டால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்ட வழக்கம் போய், "தாண்டுச்சா, திரும்புச்சா?" என்று கேட்கிற வழக்கம் வந்தது.

வெளிச்சம் போதவில்லை, அதனால்தான் வண்டிகள் திரும்புகின்றன என்று ஊர் கூடி முடிவு செய்தது. இந்த முடிவை யார் முதலில் சொன்னது என்று இப்போது கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டுவார்கள், ஆனால் அன்றைக்கு எல்லோரும்தான் தலையை ஆட்டினோம், நானும் ஆட்டினேன். சைக்கிள் கடை வைத்திருந்த நான் ஹெட்லைட் கடைக்காரன் ஆனேன். பக்கத்தில் புரோட்டா போட்டுக்கொண்டிருந்த தங்கமாரி கல்லை இறக்கிவிட்டு ஹெட்லைட் கடைக்காரன் ஆனான். ஒரு வருடத்துக்குள் எங்கள் ஒற்றைத் தெருவில் நாற்பத்தொரு ஹெட்லைட் கடைகள். வெள்ளை, நீலம், மஞ்சள், பருந்துக்கண், ஏழுகண், மாட்டுக்கண் என்று நாங்கள் வைக்காத பெயர் இல்லை.

ஹெட்லைட்டில் இரண்டு வெளிச்சம் உண்டு என்பது வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தூரத்துக்குப் பாய்வது பிரைட். எதிரே வருகிறவருக்குக் கண் கூசாமல், தரையைப் பார்த்து எரிவது டிம். தங்கமாரி ஒருநாள் இந்த இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, ஈயம் வைத்து, மேலே பிசின் ஊற்றி அடைத்து, இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் எரிகிற மாதிரி செய்தான். அவன் கடையில் கூட்டம் சேர்ந்தது. மறுநாளே நானும் செய்தேன், மறுவாரம் நாற்பத்தொரு கடையும் செய்தது. மலை ஏறும் இடத்தில் பழைய காலத்து நெடுஞ்சாலைப் போர்டு ஒன்று உண்டு. 'ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுக, டிம் செய்க' என்று எழுதியிருக்கும். அதன்மேல்தான் எங்கள் விளம்பரத் தட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து வைத்திருந்தோம்.

இத்தனைக்கும் நடுவில் காசிமாயன் என்று ஒருவர், பழைய பால் வண்டிக்காரர், தினமும் காலையில் போவார், மத்தியானம் வருவார். ஒருநாள்கூடத் திரும்பியதில்லை. "எப்படிண்ணே?" என்று கேட்டால், "என்னமோ விடுதுப்பா" என்பார். சும்மா இருப்போமா? அவர் வண்டியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம், அவர் ஒட்டியிருந்த கருப்பசாமி படம், அவர் போடுகிற பாட்டு, பக்கக் கண்ணாடியில் தொங்கிய கிழிந்த துண்டு வரை எல்லாவற்றையும் பார்த்துச் செய்தோம். ஒரு லாரிக்காரர் பால் கேனில் தண்ணீர் ஊற்றி ஏற்றிக்கொண்டு போனார். அவரும் திரும்பித்தான் வந்தார்.

போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்கு, மலைப் பக்கமிருந்து ஒரு பெரிய பைக் இறங்கி வந்து என் கடை முன்னால் நின்றது. ஊர் ஊராகச் சுற்றுவதற்கென்றே செய்த வண்டி, இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, பெட்டியெல்லாம் சேறு. முன்னால் ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த கண்ணாடியும் தொங்குகிற வயரும்தான் இருந்தன. ஹெல்மெட்டைக் கழற்றியதும்தான் ஓட்டி வந்தது ஒரு பெண் என்று தெரிந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் என் கடைப் போர்டில் கீழ்நாவல் என்று இருந்ததைப் படித்தாள், பெட்ரோல் டேங்க்கின் மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

"தாண்டுச்சா, திரும்புச்சான்னு கேக்க வேண்டியதில்ல" என்றான் தங்கமாரி. அவள் அவனைப் பார்க்கவேயில்லை.

"அண்ணே, ஏழு இஞ்ச் உருண்டை லைட்டு, மூணு காலு வச்ச பல்பு. எவ்வளவு நேரத்துல மாட்டித் தருவீங்க?"

"மாட்டலாம்மா. மொதல்ல உக்காருங்க, ஒரு டீ…"

"உக்கார நேரமில்லண்ணே."

அவள் பெயர் குருலட்சுமி, விருதுநகர்ப் பக்கம். நின்றபடியே சொன்னாள். தங்கை முத்துமீனா மேல்நாவல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கிறாள், காலையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. அவளுக்குப் பம்பாய் குரூப் ரத்தம். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வாய்ப்பதே கஷ்டம். அது இந்தச் சுற்று வட்டாரத்தில் இன்னொருவர் உடம்பில் இருக்கிறது என்றால் அது அவளுடைய அக்காள் உடம்பில்தான்.

"அஞ்சு மணி வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். மைசூர்லருந்து விடியக்காலம் கிளம்பி வர்றேன்."

"இங்கனயே ரத்தத்த எடுத்துக் குடுத்து அனுப்புனா என்ன?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"எது வழியாண்ணே அனுப்புவீங்க? அதுவும் அந்த மூட்டத்துக்குள்ளதான போகணும்?"

சுற்றிப் போகிற வழி ஒன்பது மணி நேரம். காசிமாயன் வண்டியில் ஏற்றிவிடலாம் என்று நான்கு பேர் ஓடினார்கள். அன்றைக்கென்று பார்த்து அது மெக்கானிக் கடையில் கிளட்ச் கழன்று கிடந்தது, சாயங்காலத்துக்குள் ஆகாது என்றார்கள்.

அப்புறம் என்ன, நாற்பத்தொரு கடைக்காரர்களும் கையில் இருப்பதிலேயே பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு ஒருத்தனும் விற்க வரவில்லை. ஓர் உயிர் மேலே காத்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொருவனும் தன் விளக்குதான் அவளைத் தாண்டவைக்கும் என்று நிஜமாகவே நம்பினான். பேட்டரியில் வயரை வைத்து எதிர்ச்சுவரில் அடித்துக் காட்டினார்கள். பருந்துக்கண் அடித்ததில் சுவரில் இருந்த பல்லி கண்ணை மூடிக்கொண்டது. ஏழுகண் அடித்ததில் பகல் வெயிலே அழுக்காகத் தெரிந்தது.

குருலட்சுமி ஒவ்வொன்றாகத் தன் வண்டி வயரில் கோத்து, கைப்பிடியில் இருந்த சுவிட்சை மேலும் கீழும் தட்டிப் பார்த்தாள். டக், டக். சுவரில் வெளிச்சம் மாறவில்லை. அடுத்ததை எடுத்தாள். டக், டக். மாறவில்லை. பன்னிரண்டாவது விளக்கில் நிமிர்ந்து பார்த்தாள்.

"டிம் எங்கண்ணே?"

மூன்று வருடத்தில் எங்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"டிம் எதுக்கும்மா?" என்றான் தங்கமாரி. "மூட்டத்துக்குள்ள போறீங்க. எவ்வளவுக்கு எவ்வளவு பிரைட்டோ அவ்வளவுக்கு நல்லது."

"உள்ள எதுக்கால ஒரு லைட்டு வந்துச்சு" என்றாள் அவள். "கண்ணப் பறிக்கிற மாதிரி. நான் லைட்ட மின்னி மின்னிப் பாஸ் அடிச்சேன், அதுவும் அடிச்சுச்சு. நான் கோவத்துல பிரைட்ட வச்சேன், அதுவும் வச்சுச்சு. ஒண்ணுமே தெரியல. ஒதுங்குனேன், பாறைல இடிச்சேன். ரோட்டுக்கு வந்து பாத்தா வண்டி கீழ எறங்கிட்டு இருக்கு." கையில் இருந்த விளக்கைக் கீழே வைத்தாள். "ஆயிரக்கணக்கான மைல் ஓட்டியிருக்கேன், எதுக்கால வர்ற வண்டிக்கு டிம் அடிக்காமப் போனதே கிடையாது. இன்னிக்கு அவசரத்துல மறந்துட்டேன்."

பிறகு விறுவிறுவென்று மெக்கானிக் கடைக்கு நடந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம். காசிமாயன் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, லைட்டப் போடுங்க."

அழுக்கு மஞ்சளாக, தரையைப் பார்த்து எரிந்தது.

"பிரைட்டு?"

"பிரைட்டு எரியாதும்மா. இழை போயி மூணு நாலு வருசமாச்சு. மாத்தணும் மாத்தணும்னு இருக்கேன்."

"உள்ள போறப்ப எதுக்கால ஏதும் வருமா?"

"தெனமும் ஒரு பால் வண்டி வரும். அதுவும் டிம்லதான் வரும். நல்ல மனுசன், ஓரமா ஒதுங்கி வழிவிடுவாரு."

"யாருன்னு பாத்திருக்கீங்களா?"

"நமக்கெதுக்கும்மா அதெல்லாம்? பாக்க நம்மள மாதிரிதான் இருப்பாரு" என்றார் காசிமாயன்.

எலுமிச்சம்பழத்தைப் பார்த்தோம், கிழிந்த துண்டைப் பார்த்தோம், மூன்று வருடமாக அந்த விளக்கை மட்டும் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் மணி இரண்டே கால் ஆகியிருந்தது. அவர் விளக்கைக் கழற்றி மாட்டலாம் என்றால் அது சதுரம், இவள் வண்டிக்கு உருண்டை. நாற்பத்தொரு கடையில் டிம் எரிகிற ஏழு இஞ்ச் உருண்டை விளக்கு ஒன்றுகூட இல்லை. பிசினை உளியால் உடைத்துப் பார்த்தோம், பிசினோடு வயரும் சேர்ந்து உடைந்தது. ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து உடைத்தோம், எதுவும் தேறவில்லை. மணி இரண்டரை, இரண்டே முக்கால். அவள் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். தானும் ஓர் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எனக்கு என் மேஜை ஞாபகம் வந்தது. மூட்டம் வருவதற்கு முன்பே ஒரு பழைய ஜீப்பில் இருந்து கழற்றிய விளக்கு ஒன்று, நட்டும் ஸ்குரூவும் போட்டுவைக்கிற கிண்ணமாக அங்கே மல்லாந்து கிடந்தது. கொட்டினேன், துடைத்தேன். கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல், உள்ளே பாதரசம் பூசியது போன்ற பளபளப்பு பாதி உரிந்திருந்தது. பல்பு போட்டு வயரைக் கோத்தேன். பிரைட் சுமாராக எரிந்தது. குருலட்சுமி சுவிட்சைத் தட்டினாள். டக். சுவரில் இருந்த வெளிச்சம் மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டு தரைக்கு வந்தது.

"இது போதும்" என்றாள்.

"என்னம்மா போதும்?" என்றான் தங்கமாரி. அவன் ஏழுகண்ணைக் குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். "ஒரு பக்கம் எரநூறடிப் பள்ளம்மா. இத மாட்டிக்கிட்டுப் போனா முன்சக்கரமே தெரியாது. ஒரு உயிருக்கு ரெண்டு உயிராயிரும். ஒங்க கால்ல வேணாலும் விழுறேன், இதக் கொண்டு போங்க."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கும் அந்த நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. காசிமாயன் தாண்டுவதற்கு டிம்தான் காரணம் என்று யார் கண்டது? ஒருவேளை எலுமிச்சம்பழம்தானோ என்னவோ? வேண்டாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணே, உங்க லைட்டுல எதுக்க வர்றது யாருன்னு தெரியாது" என்றாள் தங்கமாரியிடம், தணிந்த குரலில். "எனக்கு யாருன்னு தெரியணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "மாட்டுங்கண்ணே" என்றாள்.

மாட்டினேன். அவசரத்தில் ஸ்குரூ இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் கிளம்பினாள். என்னோடு போன் நம்பரை மாற்றிக்கொண்டு, ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அடிவாரத்திலிருந்து மூட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம், திரும்பி இறங்க இருபத்தைந்து நிமிடம். திரும்புகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவார்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஊரே மலை ரோட்டின் வாயில் போய் நின்றது. கடைகளில் ஆள் இல்லை, டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. மூன்றரை. மூன்றே முக்கால். நான்கு மணிக்கு ஒரு சத்தம் கேட்டு எல்லோரும் எட்டிப் பார்த்தோம், அது பஸ். பஸ்ஸும் திரும்பித்தான் வந்திருந்தது. "பைக்கப் பாத்தீங்களா?" என்று கேட்டோம். "உள்ள என்னத்தத் தெரியும், கண்ணு கூசுது" என்றார் டிரைவர். பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவர்கள் நேர்ந்தார்கள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தவர்கள் நேர்ந்தார்கள். தங்கமாரி தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். நான்கே கால் வரை அவள் வரவில்லை. ஒன்று தாண்டியிருக்க வேண்டும், இல்லை பள்ளம். நான்கே முக்காலுக்கு என் போனுக்கு அவள் நம்பரில் இருந்து ஒரே சொல் வந்தது: 'சேந்துட்டேன்.'

அன்றைக்கு எங்கள் ஊரில் வெடி போட்டார்கள். மூன்று வருடத்தில் நாங்கள் ஒருவரை வேண்டுமென்றே தாண்டவைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே பைக் மலையிலிருந்து இறங்கி வந்தது. பகலிலும் அந்தக் கீறல் விழுந்த விளக்கு டிம்மில் எரிந்துகொண்டிருந்தது. குருலட்சுமி ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பு, பல் தெரிய, கன்னம் குழிய. அவ்வளவுதான், ஊர் ஓடி வந்து சூழ்ந்துகொண்டது.

"சுகப்பிரசவமா? தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கத்தினான் தங்கமாரி.

அவள் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, திரும்பி வந்தவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜாக்கெட் இல்லை. வலது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"நேத்து உள்ள போனதும் எதுக்க லைட்டு வந்துச்சுண்ணே" என்றாள் என்னிடம். "நான் சுவிட்சுல கைய வைக்கிறதுக்கு முன்னாடியே அது டிம் ஆச்சு. நானும் டிம் அடிச்சேன். கிட்ட வந்து ஓரமா ஒதுங்கி நின்னுச்சு. இதே பைக்கு, இதே பொட்டி, இதே கீறல் விழுந்த லைட்டு. நான்தான். இந்தக் குளிருல ஜாக்கெட் இல்லாம, கைல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு. என்னயப் பாத்து இந்தா, இப்படிச் சிரிச்சா. போ போன்னு தலைய ஆட்டுனா. எனக்கு அப்பவே உசுரு வந்துருச்சு. ரத்தம் குடுத்துருக்கோம், சிரிக்கிறோம், அப்ப முத்துமீனா பொழச்சுட்டா. அதுக்கப்புறம் கை நடுங்கவே இல்லண்ணே. மீதி வளைவெல்லாம் எப்படி ஏறுனேன்னே தெரியல."

"அதான் பொழச்சுட்டாள்ல?" என்றார் டீக்கடைக்காரர்.

"ரத்தம் ஏத்தி ரெண்டு மணி நேரம் இருந்தா. அந்த ரெண்டு மணி நேரத்துல பிள்ளைய எடுத்துட்டாங்க. பொம்பளப் பிள்ளை. நல்லா இருக்கு. அங்க குளிரு அதிகம்னு என் ஜாக்கெட்டுலதான் சுத்தி வச்சிருக்கு." அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "ஏழரைக்கு முத்துமீனா போயிட்டா. அம்மாகிட்ட போன்ல எப்படிச் சொல்ல? நேர்ல போய்ச் சொல்லலாம்னு எறங்கி வந்தேன்."

அவள் சிரித்த முகத்தோடேயே பேசிக்கொண்டு போனாள்.

"மூட்டத்துக்குள்ள வந்தேன். கீழருந்து ஒரு லைட்டு ஏறி வருது. மஞ்சளா, பதறிப் பதறி. யாருன்னு எனக்குத் தெரியாதா? ஏறி வர்றவளுக்கு எறங்கி வர்றவதானண்ணே டிம் அடிக்கணும்? அடிச்சேன். ஓரமா ஒதுங்குனேன். என் மூஞ்சியவே பாக்குறா. நான் அழுதேன்னு வைங்க, அவ அங்கயே வண்டியப் போட்டு ஒக்காந்துருவா. பிள்ளையும் போயிரும். அதான் சிரிச்சேன். எனக்கு எப்படித்தான் வந்துச்சோ." கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் எறங்க மாட்டேங்குதுண்ணே. எப்படி எடுக்குறதுன்னு தெரியல."

தங்கமாரிதான் எழுந்தான். டீக்கடைத் தொட்டியில் தன் தோள் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து, கூடப் பிறந்தவளுக்குச் செய்வது போல அவள் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை மெதுவாகத் துடைத்துவிட்டான். இரண்டாவது தடவை துடைத்தபோது சிரிப்பு துண்டோடு வந்துவிட்டது. அப்புறம் அவள் உச்சி வெயில் வரைக்கும் அழுதாள். நாங்கள் யாரும் கடைக்குப் போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தட்டிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டோம், பழைய போர்டு மறுபடி தெரிந்தது. நாற்பத்தொரு கடையிலும் உளிச் சத்தம் ஒரு வாரம் கேட்டது. இப்போது எங்கள் ஊரில் டிம் இல்லாத விளக்கு கிடையாது, அநேகமாக எல்லா வண்டியும் தாண்டுகிறது, பத்திரிகையில் 'மூட்டம் விட்டால்' என்று யாரும் போடுவதில்லை. மூட்டம் மட்டும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. தாண்டுச்சா திரும்புச்சா என்று கேட்கிற வழக்கத்தையும் விட்டுவிட்டோம். மலையிலிருந்து இறங்கி வருகிறவர் யாராக இருந்தாலும், அவர் சிரித்துக்கொண்டு வந்தால், நாங்கள் ஒன்றும் விசாரிக்காமல் முதலில் பெஞ்சில் உட்காரவைத்து ஓர் ஈரத்துண்டைக் கையில் கொடுக்கிறோம்.